இந்தியாவில் உலோகவியல் பொறியாளர்: ஒரு தொழிலின் தாமதமான பிறப்பு

கனிமத்திலிருந்து உலோகத்தைப் பிரித்துத் தூய்மையாக்குவது, பிற தனிமங்களைச் சேர்த்து அதற்கு வேண்டிய குணங்களை ஊட்டுவது, வார்த்தும் அடித்தும் உருட்டியும் உருக்கொடுப்பது, பயன்பாட்டில் அது ஏன் தேய்கிறது, ஏன் துருப்பிடிக்கிறது, ஏன் முறிகிறது என்று கண்டறிவது ஆகிய வேலைகளை ஒருசேரக் கற்றவரே உலோகவியல் பொறியாளர். இத்தொழிலுக்கென்று இந்தியாவில் பட்டப்படிப்பு வந்தது 1923இல், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில்தான். ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி 1847இலேயே எழுந்துவிட்டது. சென்னையில் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி 1859 அளவில் கட்டுமானப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, பின்னர் கிண்டியில் நிலைபெற்றது. இரும்பும் எஃகும் செய்வதில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உள்ள ஒரு நாட்டில், கால்வாய் வெட்டவும் பாலம் கட்டவும் கற்பித்த கல்லூரிகள் தோன்றி முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகே உலோகத்தைக் கற்பிக்கும் துறை பிறந்தது என்பது தற்செயலாக நேர்ந்த தாமதம் அன்று. ஒரு பொருளை எந்த நாட்டில் செய்ய வேண்டும் என்று ஆள்வோர் முடிவெடுக்கிறார்களோ, அந்த நாட்டில்தான் அப்பொருளைப் பற்றிய கல்வியும் தொழிலும் வேர் பிடிக்கின்றன என்பதற்கு இந்திய உலோகவியலின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று அரிது.

பழைய அறிவு எத்தகையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், சங்க காலத்திலேயே அங்கு இரும்பு உருக்கும் உலைகள் இயங்கியதைக் காட்டின. திருவண்ணாமலை வட்டாரத்து மேல்சிறுவளூரில் எஃகு செய்த மூசைகளின் உடைசல்கள் குவியலாகக் கிடைத்தன. மூசை என்பது உலோகத்தை உள்ளே வைத்து உருக்குவதற்கான மண்குப்பி. இக்கைத்தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை சேலம் பகுதியில் உயிரோடு இருந்ததால், அதை நேரில் கண்டவர்கள் எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைக்கின்றன. கஞ்சமலை முதலிய இடங்களின் கனிமம், கருநிறக் காந்த இரும்புத் தாதும் வெண்கல்லும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்தது. அதை இடித்துப் பொடியாக்கிப் புடைத்தும் கழுவியும் கல்லை நீக்கினார்கள். ஆள் உயரத்தைத் தாண்டாத களிமண் உலையில் மரக்கரியையும் தாதையும் மாறி மாறிக் கொட்டி, ஆட்டுத்தோல் துருத்திகள் இரண்டால் சில மணி நேரம் இடைவிடாமல் ஊதினால், இரும்பு முழுதும் உருகாமல், சிட்டம் கலந்த பஞ்சு போன்ற ஒரு கட்டியாகத் திரளும். சிட்டம் என்பது கனிமத்தில் இருந்த கல்லும் மண்ணும் உருகிப் பிரியும் கசடு. அக்கட்டியைச் சூட்டோடு அடித்துச் சிட்டத்தைப் பிதுக்கி வெளியேற்றியபின் எஞ்சுவதே தேனிரும்பு.

எஃகு செய்வது இதற்கு அடுத்த படி. தேனிரும்பைத் துண்டுகளாக நறுக்கி, எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உலர்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்து மூசைக்குள் வைப்பார்கள்; மேலே எருக்கிலையைப் போர்த்தி, பிசைந்த களிமண்ணால் வாயை இறுக மூடுவார்கள். இவ்வாறு அடைத்த மூசைகளில் இருபதுக்கு மேற்பட்டவற்றை உலைக்குள் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, இரண்டரை மணி நேரம்வரை ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரிந்து விடும் கரிமம் இரும்புக்குள் புகும். கரிமம் ஏறிய இரும்பு தூய இரும்பைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகி மெல்ல ஆறிய கட்டியில் கரிமம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் தங்கிவிடும். மூசையின் களிமண்ணில் உமியைக் கலந்தது இன்னொரு நுட்பம்: உமி கரியும்போது எஞ்சும் சாம்பல் பெரும்பாலும் மணற்சத்து என்பதால், இரும்பையே உருக்கும் சூட்டில் மூசை தளராமல் நின்றது. கரிமம் என்ற தனிமத்தின் பெயரே தெரியாமல், அதன் அளவை இத்தனை நெருக்கமாகக் கட்டுப்படுத்தத் தெரிந்திருந்தது வியப்புக்குரிய சாதனை. எனினும் அந்த அறிவு குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் கைமாறியதே தவிர ஏட்டில் ஏறவில்லை. உலையின் அளவும் துருத்தியின் வலுவும் வளராததால், ஒரு நாளில் செய்யக்கூடிய இரும்பின் அளவும் தலைமுறை தலைமுறையாக மாறவில்லை. உருக்குவோரும் அடிப்போரும் சமூகத்தில் கடைப்படியில் வைக்கப்பட்டிருந்ததால், எழுதக் கற்றவர்கள் உலையின் பக்கம் வரவில்லை, உலையில் நின்றவர்களுக்கு எழுத்து வரவில்லை. இந்தப் பிளவின் விலையை நாடு நெடுங்காலம் கொடுத்தது.

அந்த எஃகைப் பற்றிய கேள்விகளை ஏட்டில் எழுதத் தொடங்கியவர்கள் ஐரோப்பியர்கள். பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட எஃகுக் கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். இரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு ஆகிய மூன்றுக்கும் உள்ள வேற்றுமை கரிமத்தின் அளவே என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர்கள் 1786இல் நிறுவியிருந்தபோதிலும், இந்திய எஃகின் தனிச்சிறப்புக்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்றே பலரும் எண்ணினார்கள். கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைப் பகுத்துப் பார்த்து, அலுமினாவும் சிலிக்காவுமே காரணம் என்று தவறாக முடிவு கட்டினார்; ஆனால் அந்தத் தவறான முடிவே, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றைக் கலந்து பார்க்கும் சோதனைகளுக்கு அவரை இட்டுச் சென்றது. கலப்பு எஃகு பற்றிய முறையான ஆராய்ச்சிக்கு அவையே தொடக்கம். ஷெஃபீல்டு நகரத்தின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1863இல், எஃகுத் துண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலத்தால் இலேசாக அரிக்கவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்து, உலோகத்தின் உள்ளே மணிமணியாக அமைந்த கட்டமைப்பை முதன்முதலாகக் கண்டார். லண்டனில் 1851இல் தொடங்கிய சுரங்கப் பள்ளியில் ஜான் பெர்சி உலோகவியலைத் தனிப் பாடமாகக் கற்பித்தார். இந்திய உலைகளைப் பற்றிய விரிவான விவரங்கள் அவருடைய நூலில் இடம்பெற்றன. உலையில் நின்று கற்றதும் ஆய்வுக்கூடத்தில் கற்றதும் ஒரே ஆளிடம் சேரத் தொடங்கிய இந்தக் காலத்தில்தான் உலோகவியல் பொறியாளர் என்ற புதிய தொழிலாளி உருவானார். அவருடைய பாடப்புத்தகத்தின் ஒரு பகுதி சேலத்து உலைகளைப் பற்றியதாக இருந்தும், சேலத்து மாணவர் எவரும் அந்த வகுப்பறைக்குப் போகும் வழி இல்லை.

இவ்விரு உலகங்களுக்கும் நடுவில் நின்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசாங்கப் பணியிலிருந்த அவர், சேலத்து இரும்பின் தரத்தில் மனம் பறிகொடுத்து, 1825ஐ ஒட்டி வேலையை விட்டு விலகி, கம்பெனியின் கடனுதவியோடும், காடுகளில் விறகு வெட்டும் தனியுரிமையோடும், 1830இல் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேய முறை ஊதுலைகளை நிறுவினார். ஊதுலை என்பது, அடியிலிருந்து இயந்திரக் காற்றைச் செலுத்தி, மேலிருந்து தாதையும் எரிபொருளையும் இடைவிடாமல் கொட்டி, உருகிய இரும்பைக் கீழிருந்து வடித்தெடுக்கும் உயர்ந்த உலை. 1833இல் நிறுவனம் ஒன்றின் உடைமையான இவ்வாலை, பின்னர் மலபார்க் கரையில் பேப்பூருக்கும் விரிந்தது. சேலத்தை அடுத்த சுண்ணாம்புக் குன்றுகளில் குரோமியத் தாதும் வெட்டப்பட்டது. பரங்கிப்பேட்டை இரும்பு கப்பலேறி ஷெஃபீல்டு போய் எஃகாயிற்று. மெனாய் நீரிணையின்மேல் 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் அது பயன்பட்டது என்றும் சொல்லப்படுகிறது.

இவ்வளவு நல்ல இரும்பைச் செய்த ஆலை ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கு, உலோகவியலே விடை சொல்கிறது. ஊதுலையில் எரிபொருளுக்கு இரண்டு வேலைகள் உண்டு: எரிந்து சூடு தருவது ஒன்று, மேலே குவியும் தாதின் பாரத்தைத் தாங்கிக் காற்று ஊடுருவ இடம் விடுவது மற்றொன்று. மரக்கரி எளிதில் நொறுங்கும் என்பதால் மரக்கரி உலையை ஓர் அளவுக்குமேல் உயர்த்த முடியாது. உயர்த்த முடியாத உலையில் இரும்பின் அடக்கவிலை குறையாது. நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டுப் பெறும் கல்கரியோ பாரம் தாங்கும். இங்கிலாந்தின் உலைகள் கல்கரியில் ஓங்கி உயர்ந்துகொண்டிருந்த காலத்தில், கல்கரிக்கு ஏற்ற நிலக்கரி இல்லாத தென்னாட்டில், உலையைச் சுற்றியிருந்த காடு அழிய அழியக் கரி வரும் தொலைவு நீண்டது; தாதோ சேலத்திலிருந்து கடற்கரைவரை வர வேண்டியிருந்தது. ஹீத்துக்குப் பின் 1853இல் பொறுப்பேற்ற புதிய நிறுவனமும் சில ஆண்டுகளுக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஆலையை இழந்து இங்கிலாந்து திரும்பிய ஹீத், மூசையில் மாங்கனீசைச் சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் பற்றவைக்கத்தக்க நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். மாங்கனீசு, எஃகிலுள்ள கந்தகத்தையும் ஆக்சிசனையும் தன்னோடு பிணைத்துக்கொண்டு, சூட்டில் எஃகு வெடித்துப் பிளப்பதைத் தடுக்கிறது. காப்புரிமையில் எழுதிய பொருளுக்குப் பதிலாக, மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் நேரடியாக மூசையில் போட்டாலே போதும் என்று அவர் பின்னர் எளிமைப்படுத்தியதே அவருக்கு வினையாயிற்று. அந்த எளிய வழி காப்புரிமைக்குள் அடங்காது என்று வாதாடிப் பிறர் அதைக் கையாண்டார்கள். பிரபுக்கள் சபை 1855இல் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஹீத் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

ஹீத்தின் தோல்வியைவிடத் தென்னாட்டுக்குப் பெரிய இழப்பு, அத்தனை ஆண்டுகள் இயங்கிய அந்த முயற்சியைச் சுற்றி உலோகக் கல்விக்கான பள்ளி ஒன்றும் எழாமல் போனதே. அரசுக்கு அது தேவைப்படவில்லை. கங்கைக் கால்வாய்க்கு மேற்பார்வையாளர்கள் வேண்டியிருந்ததால் ரூர்க்கி கல்லூரி பிறந்தது. சாலைக்கும் அணைக்கும் ஆள் வேண்டியிருந்ததால் சென்னை, புனே, சிப்பூர் கல்லூரிகள் வளர்ந்தன. தண்டவாளமும் பாலத் தூலமும் எஞ்சினும் கப்பலில் வந்திறங்கிக்கொண்டிருந்த நாட்டில், எஃகு செய்யத் தெரிந்த பொறியாளரை உருவாக்குவதற்கு ஆட்சியாளருக்கு எந்தக் காரணமும் இல்லை. வங்காளத்தில் குல்ட்டியில் 1875இல் எழுந்த இரும்பாலை கல்கரியைக் கொண்டு வார்ப்பிரும்பு செய்து நிலைத்தபோதிலும், அதன் தொழில்நுட்பப் பொறுப்புகள் வெளிநாட்டார் கையிலேயே இருந்தன. மறுபுறம், இறக்குமதி இரும்பின் மலிவும் காட்டுச் சட்டங்களின் கெடுபிடியும் சேர்ந்து பழைய உலைகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டன. பழைய அறிவு செத்துக்கொண்டிருக்க, புதிய அறிவு வராமலே கழிந்த அந்த அரை நூற்றாண்டுதான் இந்திய உலோக வரலாற்றின் மிக வறண்ட காலம்.

அந்த வறட்சியை உடைத்த நிகழ்ச்சிகளில் ஒரு கடிதத்துக்குத் தனி இடம் உண்டு. லண்டனில் பயின்று 1880இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த பிரமத நாத் போஸ், தம்மைவிட மிக இளையவரான ஆங்கிலேயர் ஒருவர் தமக்கு மேலே தலைமைப் பதவிக்கு உயர்த்தப்பட்டதால் 1903இல் பணி விலகி, மயூர்பஞ்சு சமஸ்தானத்தில் நிலவியலாளராகச் சேர்ந்து, கொருமகிசானி மலையில் வளமான இரும்புத் தாதைக் கண்டார். 1904 பிப்ரவரி 24 அன்று அச்செய்தியை ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்கு எழுதினார். 1907இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் பதிவாயிற்று. சுவர்ணரேகாவும் கர்க்காயும் கூடுமிடத்துக்கருகே சாக்சி என்ற சிற்றூரில் ஆலை எழுந்து, 1912 பிப்ரவரி 16 அன்று முதல் எஃகுக் கட்டி வார்க்கப்பட்டது. முதலும் தாதும் நிலமும் இந்தியாவினுடையவை. ஆனால் உலை முகத்தில் கட்டளையிட்டவர்கள் ஒப்பந்தத்தின் பேரில் வந்த அமெரிக்கரும் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும். ஊதுலையிலிருந்து வரும் இரும்பில் மிகுந்திருக்கும் கரிமத்தையும் பிற மாசுகளையும் எரித்து எஃகாக்கும் திறந்த அடுப்பு உலையில், எந்த நொடியில் வடித்தெடுப்பது என்பதை நீலக் கண்ணாடி வழியே நெருப்பின் நிறம் பார்த்தும், கரண்டியில் அள்ளி வார்த்த மாதிரித் துண்டை உடைத்து அதன் முறிவைப் பார்த்தும் முடிவெடுத்தார்கள். அந்தக் கண்பழக்கத்துக்கு அவர்கள் பெற்ற சம்பளம் மிகப் பெரிது. அதை இந்தியர்களிடம் கைமாற்ற அவர்கள் அவசரப்படவில்லை.

இந்நிலையை மாற்றத் திட்டமிட்டு எடுத்த முதல் முயற்சி, ஜம்ஷெட்பூரில் 1921இல் திறக்கப்பட்ட தொழில்நுட்பப் பயிற்சி நிலையம். அறிவியல் படித்த இந்திய இளைஞர்களை எடுத்து, வகுப்பையும் உலைக்கூடத்தையும் மாறி மாறிக் காட்டி, வெளிநாட்டாரின் இடங்களில் அமர்த்துவதே அதன் நோக்கம். இறக்குமதி எஃகுக்கு வரி விதித்து உள்நாட்டு ஆலையைக் காத்த 1924ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியமயமாக்கல் எவ்வளவு முன்னேறியது என்று கேட்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு மறைமுகமாக அளித்தது எனலாம். வரிப்பணத்தில் வாழும் ஆலை, நாட்டு மக்களுக்கு வேலை தராமல் தப்ப முடியவில்லை. 1938இல் ஜஹாங்கீர் காந்தி அந்நிறுவனத்தின் முதல் இந்தியப் பொதுமேலாளரானபோது, முதல் எஃகு வார்த்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

காசியில் நிகழ்ந்தது இதைவிட ஆழமான மாற்றம். மதன் மோகன் மாளவியா 1916இல் நிறுவிய பல்கலைக்கழகம் சமஸ்கிருதத்துக்கும் சாத்திரத்துக்கும் மட்டுமே பெயர் பெற்றது என்று கருதுவோர் இன்றும் உண்டு. ஆனால் அரசுக் கல்லூரிகள் எவையும் எண்ணிப் பார்க்காத சுரங்கவியலையும் உலோகவியலையும் 1923இல் பட்டப்படிப்பாக்கியது அந்தப் பல்கலைக்கழகமே. என். பி. காந்தி என்ற பேராசிரியர் அத்துறையைக் கட்டி எழுப்பினார். மக்களின் நன்கொடையில் வளர்ந்த நிறுவனம் என்பதால், ஆட்சியின் தேவையைப் பார்க்காமல் நாட்டின் தேவையைப் பார்த்துப் பாடத்தை வகுக்க அதனால் முடிந்தது. மேல்சாதிக் குடும்பங்களின் பிள்ளைகள் உலைக்கூடத்துப் புழுதியில் நின்று வேலை கற்க முன்வந்ததும் இங்குதான். பழைய பிளவின் ஒரு பாதியையாவது இது அடைத்தது. மறுபாதி, அதாவது உலைத்தொழில் செய்த குடிகளின் பிள்ளைகள் பட்டம் பெற்று அதே உலைக்குப் பொறியாளராக வருவது, நிகழ இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

படித்த உலோகவியலாளர் வந்ததால் என்ன மாறியது என்பதற்கு ஹௌரா பாலம் சான்று. 1943இல் திறக்கப்பட்ட அப்பாலத்துக்கு ஏறக்குறைய 26,500 டன் எஃகு தேவைப்பட்டது; அதில் 23,000 டன்னை ஜம்ஷெட்பூர் ஆலையே தந்தது. 1937இல் அங்கு திறக்கப்பட்ட ஆராய்ச்சிக் கூடம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் உருவான ‘டிஸ்க்ரோம்’ என்ற அந்த எஃகு, குரோமியமும் செம்பும் சிறிதளவு சேர்ந்ததால் சாதாரணக் கட்டுமான எஃகைவிடக் கூடுதல் இழுவிசை தாங்குவது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கவச வண்டிகளுக்கு வேண்டிய குண்டு துளைக்காத தகடும் அதே ஆலையில் செய்யப்பட்டது.

போர் முடிந்தபோது உலோகவியல் ஒரு தனித்தொழிலாக ஏற்கப்பட்டிருந்தது. விமானத் தொழில் காலூன்றியிருந்த பெங்களூரில், இந்திய அறிவியல் கழகம் 1945இல் உலோகவியல் துறையைத் தொடங்கியது. ஜம்ஷெட்பூரில் தேசிய உலோகவியல் ஆய்வகத்துக்கு 1946 நவம்பரில் இராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1950 நவம்பர் 26 அன்று நேரு அதைத் திறந்துவைத்தார். பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆகிய மூன்று அரசு எஃகாலைகளும் 1959இல் முதல் இரும்பை வடித்தபோது, ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் எஃகு செய்யத் திட்டமிடப்பட்டிருந்ததால், பொறியாளர்களின் தேவை திடீரெனப் பெருகியது. நூற்றுக்கணக்கானோர் சோவியத் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். அத்தலைமுறைக்கு உலோகவியல் பட்டம் என்பது பெரும்பாலும் எஃகு நகரம் ஒன்றில் குடியிருப்பு வீடும், எட்டு மணி நேர முறைவேலையும், நள்ளிரவில் உலை தகராறு செய்தால் ஓடிப்போக வேண்டிய கடமையும் சேர்ந்த வாழ்க்கை. பெண்களுக்கு அந்த வாழ்க்கையின் கதவு சட்டத்தாலேயே சாத்தப்பட்டிருந்தது: 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரவு நேரத்தில் பெண்களைப் பணியமர்த்தத் தடை விதித்ததால், முறைவேலையே அடிப்படையான எஃகாலையில் பெண் பொறியாளருக்கு இடமில்லாமல் போயிற்று. உலோகவியலில் பட்டம் பெற்ற முதல் தலைமுறைப் பெண்கள் ஆய்வகத்தையும் ஆசிரியப் பணியையும் நாடியதற்கு விருப்பம் மட்டும் காரணம் அன்று.

எஃகாலைக்கு வெளியேயும் உலோகவியலாளருக்கு உலகம் உண்டு என்று காட்டியவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் பிரம்ம பிரகாஷ். 1912இல் லாகூரில் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1951இல் பெங்களூர் உலோகவியல் துறையின் முதல் இந்தியத் தலைவரானார். பின்னர் டிராம்பேயில் அணுசக்தித் திட்டத்தின் உலோகவியல் பணிகளைப் பொறுப்பேற்று, 1959இல் அணு உலைக்கு ஏற்ற தூய யுரேனிய உலோகத்தை இந்தியாவிலேயே செய்யும் நிலையை உருவாக்கினார். அவர் எதிர்கொண்ட கடினமான சிக்கல்களில் ஒன்று சிர்க்கோனியம். அணு உலையில் யுரேனிய வில்லைகளை அடைக்கும் குழாய், சூடேறிய நீரில் அரிக்கப்படக் கூடாது. அணுப்பிளவைத் தொடரச் செய்யும் நியூட்ரான்களை விழுங்கவும் கூடாது. இவ்விரண்டுக்கும் பொருந்தும் உலோகம் சிர்க்கோனியம். அதன் தாதான சிர்க்கான், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி முதலிய கடற்கரைகளின் மணலிலேயே கிடைக்கிறது. ஆனால் இயற்கை சிர்க்கோனியத்தோடு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு ஹாஃப்னியம் எப்போதும் கலந்திருக்கும். வேதிக் குணத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்திருந்தாலும், ஹாஃப்னியம் நியூட்ரானைச் சிர்க்கோனியத்தைவிடப் பல நூறு மடங்கு விழுங்கும். எனவே தாதைக் கரைத்து, கரைப்பான் கொண்டு மீண்டும் மீண்டும் பிரித்தெடுத்து, பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே ஹாஃப்னியத்தைக் குறைத்தாக வேண்டும். அதன்பின் குளோரைடாக்கி, ஆக்சிசன் நீக்கிய சூழலில் மக்னீசியத்தால் ஒடுக்கி, கடற்பஞ்சு போன்ற உலோகமாகப் பெற்று, வெள்ளீயமும் இரும்பும் குரோமியமும் சேர்த்து வெற்றிட மின்வில் உலையில் உருக்கி, அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சுவருள்ள குழாயாக இழுக்க வேண்டும். இவை அனைத்தையும் ஒரே வளாகத்தில் செய்யும் அணு எரிபொருள் வளாகம் 1971இல் ஐதராபாத்தில் எழுந்தது. அதன் கிளையான சிர்க்கோனிய ஆலை 2009இல் தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் வந்தது. பிரம்ம பிரகாஷ் 1972இல் திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராகி, இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவூர்தி உருவான ஆண்டுகளில் அதை நடத்தினார் என்பது, உலோகவியலாளர் ஒருவரின் தொழில்வாழ்க்கை எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதை அடுத்த தலைமுறைக்கு உணர்த்தியது.

இதே காலத்தில் கல்வித்துறையும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. பெங்களூரிலிருந்து 1962இல் காசிக்குச் சென்ற டி. ஆர். அனந்தராமன், உருகிய உலோகத்தை நொடிக்குப் பத்து லட்சம் பாகை வேகத்தில் குளிரவைத்தால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமின்றி, வழக்கத்துக்கு மாறான கட்டமைப்புகள் தோன்றுவதை ஆராய்ந்து, காசித் துறையை உலகறியச் செய்தார். ஆலை வேலைக்கு ஆள் தயாரிக்கும் பாடமாக இருந்த உலோகவியல், பொருள்களின் உள்ளமைப்பை ஆராயும் அறிவியலாக விரிந்ததோடு, பல கல்லூரிகளில் துறையின் பெயரும் உலோகவியல் மற்றும் பொருளறிவியல் பொறியியல் என்று நீண்டது. இந்த விரிவு வரவேற்கத்தக்கதே. ஆனால் உலைக்கூடத்தில் கைபட்டுக் கற்கும் நேரம் பாடத்திட்டத்தில் சுருங்கிப்போனது உண்மையான இழப்பு.

தமிழ்நாட்டில் இத்தொழிலின் கல்வி பிந்தியே வந்தது. 1959இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யிலும், அடுத்த பத்தாண்டில் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியிலும், சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியிலும் உலோகவியல் துறைகள் அமைந்தன. சேலத்தில் எஃகாலை வேண்டும் என்று பல ஆண்டுகள் மக்கள் எழுப்பிய கோரிக்கை 1970இல் அடிக்கல்லாக மாறி, எண்பதுகளின் தொடக்கத்தில் துருவேறா எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக நிறைவேறியது. கஞ்சமலையின் அடிவாரத்திலேயே அது எழுந்தாலும், மலையின் தாது அதற்குப் பயன்படவில்லை. வெளியிலிருந்து வந்த தகட்டுச் சுருள்களைக் குளிர்நிலையில் உருட்டி மெலிதாக்குவதே பல ஆண்டுகள் அதன் வேலையாக இருந்தது.

இம்மாநிலத்து உலோகவியலாளர்களுக்கு எஃகு செய்வதைவிட, எஃகைப் பற்றவைப்பதும் காப்பதும் வார்ப்பதுமே பெரிய பிழைப்பாயிற்று. கோவையின் வார்ப்பட்டறைகள் பம்புக்கும் மோட்டாருக்கும் வார்ப்பிரும்பு உறுப்புகளைச் செய்ய, திருச்சியில் அறுபதுகளில் எழுந்த மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை, அதனோடு 1975இல் தொடங்கிய பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம், கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கிய அணு உலை ஆராய்ச்சி மையம் ஆகியவை நுட்பமான வேலைகளைக் கொண்டுவந்தன. அனல்மின் நிலையக் கொதிகலனின் குழாய், ஐந்நூறு பாகைக்கு மேற்பட்ட சூட்டில், உள்ளே அடைபட்ட நீராவியின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு பல்லாண்டு நிற்கும்போது, உடனே முறியாமல், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மெல்ல மெல்ல நீண்டு பருக்கும். ஊர்வு எனப்படும் இந்நிலையில், உலோக மணிகளின் எல்லைகளில் நுண்துளைகள் தோன்றி, வரிசையாகக் கூடி, விரிசலாகும். நிலையத்தை நிறுத்திய நாள்களில் பொறியாளர் கொதிகலனுக்குள் இறங்கி, குழாயின் ஒரு சிறு பரப்பை அங்கேயே மெருகேற்றி அமிலம் தடவி, மென்படலம் ஒன்றை ஒட்டி உரித்து அதன் பதிவை எடுத்துவந்து, சோர்பி கண்ட அதே முறையில் நுண்ணோக்கியில் பார்க்கிறார். துளைகள் தனித்தனியே இருக்கின்றனவா, கோவையாகச் சேர்ந்துவிட்டனவா என்பதைப் பொறுத்து, அந்தக் குழாயை இன்னும் ஓடவிடலாமா, வெட்டி மாற்ற வேண்டுமா என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்.